கப்பல் பூச்சும் கடல் உயிர்களும்

2023-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதியன்று ஒரு தடை அமலுக்கு வந்தது. யுத்தமோ தேர்தலோ அல்லவாதலால் அது ஊர்ப் பேச்சாகவில்லை. கப்பல்களின் அடிப்புறத்தில் பூசும் வர்ணத்தில் சைபுட்ரைன் என்னும் ரஸாயனத்தை இனிச் சேர்க்கலாகாது என்பதே அத்தடை. சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் செய்த தீர்மானத்தின் பயன் அது. வியாபார உலகில் அந்தச் சரக்குக்கு இர்கரால் 1051 என்று பெயர். பாசியைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட மருந்து. அது கடல்நீரில் கலந்து கிடக்கிறதென்ற செய்தி முதன்முதலாக அச்சில் வெளிவந்தது 1993-ல். உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான தடை வந்தது 2023-ல். இடையிலே முப்பது வருஷங்கள் கழிந்தன. முப்பது வருஷ காலம் ஒரு விஷத்தைக் கடலிலே விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அது விஷந்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விற்பனைக்கு வந்த சரக்கை யாரும் பரீட்சை செய்யவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். செய்யாமலில்லை. அந்தப் பரீட்சையின் லக்ஷணம் எப்படிப்பட்டது என்பதைத்தான் இன்று நாம் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கடலிலே மிதக்கும் எந்தப் பொருளின் மேலும் உயிர் ஏறும். முதலில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு, அதன்மேல் பாசி, பாசிக்குப் பின் கொட்டலசு, சிப்பி, குழாய்ப்புழு. சில மாதங்களில் கப்பலின் அடி முழுவதும் தாடி வளர்ந்ததுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட கப்பலைச் செலுத்த அதிக எரிபொருள் வேண்டும், வேகமும் குறையும், ஒரு கடலின் பிராணி மற்றொரு கடலில் போய்க் குடியேறும் தொல்லையும் உண்டு. நமது பரதவர்கள் கட்டுமரம் ஏறிய காலத்தில் இந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. அன்றாடம் கரையேற்றி, கட்டவிழ்த்து, வெயிலில் காயப்போட்ட மரத்தில் பாசி ஏது, கொட்டலசு ஏது? ஆனால் லட்சம் டன் கப்பலை அவ்விதம் மணலில் இழுத்துப்போட முடியாது. அது வருஷக்கணக்கில் நீரிலேயே கிடக்க வேண்டியது.

ஆங்கிலேயக் கடற்படை பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு ஒரு வழி கண்டது. ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். பாசி அண்டவில்லை. ஆனால் செம்பு அரித்துப்போயிற்று. அரிப்பை நிறுத்தும்படி 1823-ல் ஸர் ஹம்ப்ரி டேவி என்ற மகா ரஸாயன நிபுணரை வேண்டிக்கொண்டார்கள். அவர் மின்சார சாஸ்திரத்தைக் கொண்டு யோசித்து, செப்புத் தகட்டோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அவர் சொன்னபடியே செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மறுபடி ஏறிவிட்டன! சில வருஷங்களுக்குள் அந்த ஏற்பாட்டைக் கைவிடும்படியாயிற்று. தகடாக நின்ற செம்பு கப்பலைக் காக்கவில்லை. கரைந்து கடலிற் கலந்த செம்பே காத்தது என்பது அன்று வெளிப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்குப் பூசும் விஷப்பூச்சு எதுவாயினும் அது கரைந்தால்தான் வேலை செய்யும். கரைந்தது எங்கே போகிறது? கடலுக்குத்தான். விஷம் கசிவது இந்தப் பூச்சில் ஒரு குறையன்று. அதற்காகவே அதை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

இந்நிலையில், ஒரு பூச்சை விற்பனைக்கு விடுமுன் அதிலிருந்து கசியும் பொருள் அக்கம்பக்கத்து உயிர்களை என்ன செய்யும் என்று பார்ப்பது மிகச் சாதாரணமான கடமை. அந்தக் கடமை எவ்வாறு நிறைவேறிற்று என்பதற்கு முதல் உதாரணம் பிரான்ஸ் தேசத்தில் இருக்கிறது.

பிரான்ஸின் தென்மேற்குக் கரையில் ஆர்க்காஷோன் என்றொரு வளைகுடா. சிப்பி வளர்த்து விற்பதே அங்குள்ள ஏராளமான குடும்பங்களின் ஜீவனம். 1970-களின் பிற்பாதியில் அங்கே ஒரு விபரீதம் தொடங்கியது. சிப்பிக் குஞ்சுகள் உயிர்தரிக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் ஒழுங்காக நீண்டு வளராமல், அடுக்கடுக்காகப் பொள்ளல் விட்டுத் தடித்து, பந்துபோல் உருமாறின. உள்ளே சதை இல்லை. சந்தையில் வாங்குவாரும் இல்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் எடுத்த வளைகுடாவில் 1981-ல் கிடைத்தது சுமார் மூவாயிரம் டன்னே. குளிரா, நோயா, சாக்கடையா என்று பலவிதமாகச் சந்தேகித்தார்கள். க்ளோட் அல்ஸியூ முதலிய பிரெஞ்சு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி, கோடைகாலத்தில் அவ்வளைகுடாவில் வந்து நிற்கும் ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகளின் பக்கம் கையைக் காட்டிற்று. அந்தப் படகுகளின் அடியில் பூசியிருந்தது ட்ரைபியூட்டில் டின் என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருள். லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே சிப்பியின் ஓடு கெடும் என்று கண்டார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

பிரெஞ்சு சர்க்காரைப் பற்றி இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். அவர்கள் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய பரிபூரண அத்தாட்சி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1982-ம் வருஷம் ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அந்தப் பூச்சு கூடாதென்று உத்தரவிட்டார்கள். அதற்கடுத்த பருவங்களில் சிப்பிக் குஞ்சுகள் மறுபடி பிடிக்க ஆரம்பித்தன. சிப்பி வளர்ப்போர் ஓட்டுப் போடுகிறவர்கள். கூடிக் கூச்சல் போடத் தெரிந்தவர்கள். அது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

கூச்சல் போட முடியாத பிராணியின் கதை வேறு. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகப் பாறைகளில் வாழும் ஒருவகைச் சிறு சங்கு நத்தையின் பெண்ணுக்கு ஆண்குறி முளைத்திருப்பதை 1970-லேயே ஒருவர் கவனித்து எழுதினார். காரணம் தெரியவில்லை. பின்னர் பிரையன், கிப்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், 1986-ல் வெளியிட்ட முடிவில், அதே வெள்ளீயப் பூச்சே காரணம் என்று நிறுவினார்கள். லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே இந்த விபரீதத்தைச் செய்யப் போதுமானதாயிருந்தது. முற்றிய நிலையில் முளைத்த அந்த உறுப்பு முட்டை வெளிவரும் வழியையே அடைத்துவிட, பெண் நத்தை வயிற்றில் முட்டையோடு இறந்தது. பல பாறைகளில் அந்த இனமே இல்லாமற்போயிற்று. 1987-ல் பிரிட்டன் சிறு படகுகளுக்குத் தடை விதித்தது. பெருங்கப்பல்களுக்கும் சேர்த்துச் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது 2001-ல். அது அமலுக்கு வந்தது 2008-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி. ஆர்க்காஷோன் தடைக்குப் பின் இருபத்தாறு வருஷங்கள்.

எந்தப் பரீட்சைச்சாலையின் வழக்கமான சோதனையிலும் அந்த நத்தைக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் பயன் இருந்திராது. ஏனெனில் நாலு நாளில் அது சாகவில்லை. நாலு நாளில் சாகிறதா என்பதே அன்றைய கேள்வி.

வெள்ளீயப் பூச்சைச் சிறு படகுகளிலிருந்து விலக்கியவுடன் பூச்சுக் கம்பெனிகள் பழைய செம்புக்குத் திரும்பின. ஆனால் செம்புக்கு அஞ்சாத பாசிகள் சில உண்டு. கொட்டலசு ஏறாத இடத்தில் அவை பச்சைப் பட்டு விரித்ததுபோல் படர்ந்தன. அவற்றைத் தொலைக்கச் செம்போடு துணைமருந்து ஒன்று சேர்க்க வேண்டியதாயிற்று. வயலில் களை கொல்லும் மருந்துகளின் பக்கம் அவர்கள் திரும்பினார்கள். டையூரான் அப்படி வந்த ஒன்று. ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா-கெய்கி கம்பெனி தயாரித்த இர்கரால் மற்றொன்று. இது களைக்கொல்லிகளின் குடும்பத்திலே பிறந்தது. ஆனால் வயலுக்கன்று, கப்பலுக்கென்றே வளர்க்கப்பட்டது.

இனிப் பரீட்சைக்கு வருவோம். வழக்கமான முறை இது. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் சுத்த நீர். மற்றவற்றில் மருந்து படிப்படியாக ஏறிய அளவில். ஒவ்வொன்றிலும் ஒரே வயதுள்ள மீன்கள். தொண்ணூற்றாறு மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். எந்த அளவில் பாதி மீன்கள் செத்தனவோ அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். நீர்ப்பூச்சிக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். பாசிக்கு எழுபத்திரண்டு மணி நேரம். அங்கே சாவை எண்ணாமல், வளர்ச்சி பாதியாகக் குறையும் அளவைப் பார்ப்பார்கள். இவ்வாறு கிடைத்த எண்களில் மிகச் சிறியதை எடுத்து, ஜாக்கிரதைக்காகப் பத்தாலோ நூறாலோ ஆயிரத்தாலோ வகுத்து, இதற்குமேல் நீரில் இருக்கலாகாது என்று ஓர் எல்லை கட்டுவார்கள்.

இம்முறையை நாம் பரிகசிக்கவில்லை. இது இல்லாத காலத்தைவிட இது இருக்கும் காலம் மேலானது. ஒரே விதமான தொட்டியில், ஒரே விதமான மீனை வைத்துச் செய்வதால்தான் ஒரு மருந்தை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது. ஆனால் இந்த எண்களில் எதைப் பார்த்து ஆறுதலடைகிறார்கள் என்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது.

இர்கரால் விஷயத்தில் மீனைக் கொல்ல லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் அவ்வளவு கலந்திருக்கப் போவதில்லை. மீனைப் பார்த்தவர்கள் நிம்மதியடையலாம். ஆனால் பாசிகளின் வளர்ச்சியைப் பாதியாக்க ஒரு மைக்ரோகிராம் போதும். பல ஜாதிகளுக்கு அதற்கும் குறைவே போதும். அதாவது மீனுக்குரிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம் ஏன் வந்தது? இந்த மருந்து உயிரை நேரே தாக்குவதன்று. பச்சிலையும் பாசியும் சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு உணவு சமைத்துக்கொள்கின்றன அல்லவா? அந்த அடுப்பின் ஒரு கண்ணிலே போய் அடைத்துக்கொள்வதே இதன் வேலை. ஒளி விழும், சமையல் நடவாது, பயிர் பட்டினியால் சாகும். மீனுக்கு அந்த அடுப்பே கிடையாது. ஆகவே அடுப்பை அடைக்கும் மருந்துக்கு மீனைச் சாட்சியாக அழைப்பது, பார்வையைக் கெடுக்கும் பொருளைக் குருடனிடம் கொடுத்துப் பரீட்சிப்பது போன்றதே.

பாசி செத்தால் செத்துப்போகட்டும், அதற்காகத்தானே மருந்து என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கப்பலின் அடியிலுள்ள பாசி சாகட்டும்; நமக்கும் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் கடல் முழுவதும் அதே அடுப்பில்தான் சமைத்துச் சாப்பிடுகிறது. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியைச் சிறு இறாலினங்கள் தின்கின்றன; அவற்றை மீன் தின்கிறது. கடலடியில் மேய்ச்சல் நிலம்போல் படர்ந்திருக்கும் கடற்புல்லுக்கும் அதே அடுப்பு. பவளப்பாறை கல்லன்று, அதைக் கட்டும் பவளப்பூச்சியின் உடலுக்குள்ளே நுண்பாசி குடியிருந்து, தான் சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது. பாசியைக் கொல்லும் மருந்துக்குக் கடற்புல்லும் பவளமும் அந்நியமல்ல, அடுத்த வீடுதான்.

இந்த அடுத்த வீட்டுக்காரர்களை யார் பரீட்சித்தார்கள், எப்பொழுது பரீட்சித்தார்கள் என்று பார்த்தால் கதை விளங்கும். மத்தியதரைக் கடற்கரையில், மொனாக்கோவிலுள்ள சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் கடல் ஆராய்ச்சிச்சாலையில் ரீட்மன் என்பவரும் அவரது சகாக்களும் தென் பிரான்ஸின் படகுத்துறை நீரை அளந்து, லிட்டருக்கு 1,700 நானோகிராம் வரையில் இர்கரால் இருப்பதை 1993-ல் வெளியிட்டார்கள். மருந்து அதற்குச் சில வருஷங்கள் முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. ஸ்வீடனில் டால், பிளாங்க் என்ற இருவர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். புட்டியில் வளர்த்த ஒரே ஜாதிப் பாசியை விட்டுவிட்டு, கடல்நீரிலேயே இயற்கையாகப் படியும் பாசிக் கூட்டத்தைக் கண்ணாடித் துண்டுகளில் பிடித்து, வாரக்கணக்கில் மருந்து கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். 1996-ல் அவர்கள் தெரிவித்த முடிவு, சில நூறு நானோகிராம், சில வகையில் அதற்கும் குறைந்த அளவிலேயே அக்கூட்டத்தின் அமைப்பே மாறிப்போகிறது என்பது. மென்மையான ஜாதிகள் மறைந்து முரட்டு ஜாதிகள் மிஞ்சின. மொத்தப் பசுமையை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. மூன்று நாள் பரீட்சையிலும் இது தெரியாது.

1999-ல் பிளிமத்தில் கடற்புல்லைப் பரீட்சித்தார்கள். லிட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் அளவில் பத்து நாள் இருந்த கடற்புல்லின் சமையல் பாதியளவு தடைப்பட்டது. 2002-ல் பெர்முடா தீவில் பவளத்தையே சாட்சிக்கு அழைத்தார்கள். நூறு நானோகிராமில் பவளத்தின் ஒளிச்சமையல் குறையத் தொடங்கிற்று. ஆயிரம் நானோகிராமுக்கு மேல் ஏறக்குறைய நின்றே போயிற்று. அதற்கு வேண்டியிருந்த நேரம் இரண்டு முதல் எட்டு மணிதான். எட்டு மணி நேரத்தில் சொல்லக்கூடிய பதிலுக்காக உலகம் ஏறத்தாழப் பதினைந்து வருஷங்கள் காத்திருந்தது. அதுவும் கேள்வியைக் கேட்டது மருந்து விற்றவர்கள் அல்லர். அம்மருந்தினால் ஒரு காசும் சம்பாதியாத ஆராய்ச்சியாளர்கள்.

ஐரோப்பிய நாடுகள் 2013-ல் இந்த மருந்துக்கு நீரில் எல்லை கட்டினபோது, வருஷச் சராசரி லிட்டருக்கு 2.5 நானோகிராம் என்றும், எந்தச் சமயத்திலும் 16 நானோகிராமுக்கு மேற்படலாகாதென்றும் நிர்ணயித்தன. தென் பிரான்ஸில் இருபது வருஷம் முன்பு அளந்த 1,700 என்ற எண்ணை இந்த 16-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நூறு மடங்குக்கும் அதிகம். படகுத்துறையில் நங்கூரமிட்ட ஒவ்வொரு கோடையிலும், இந்த அளவை அறியாமலே கடல் அதைக் குடித்தது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுவது நியாயம். இர்கராலின் விளைவு நிரந்தரமன்று. சுத்த நீருக்கு மாற்றினால் பவளத்துப் பாசி விரைவில் தேறிவிடுகிறது என்பது ஒரு வாதம். பரீட்சையில் அது உண்மையே. ஆனால் பரீட்சைச்சாலையில் பவளத்தை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்ற ஓர் ஆள் இருக்கிறான். துறைமுகத்துப் பவளத்தை யார் எங்கே மாற்றுவது? படகுகள் அங்கேயே நிற்கின்றன. பூச்சு அன்றாடம் கசிகிறது. மருந்தோ கடல்நீரில் மாதக்கணக்கில் சிதையாமல் நிற்கக்கூடியது. சிதைந்து பிறக்கும் பொருளும் பாசிக்கு ஆகாததே.

இரண்டாவது வாதம் கனமானது. பூச்சை விலக்கினால் கப்பல் எரிபொருளை அதிகம் விழுங்கும்; புகை அதிகரிக்கும்; அந்நியப் பிராணிகள் ஊர்விட்டு ஊர் பரவும். இதையும் நாம் மறுக்கவில்லை. பூச்சே வேண்டாம் என்று நாம் சொன்னால், அந்த நஷ்டத்தையும் கடல்தான் ஏற்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தடுத்தால் அதைவிடக் கெட்டது அவ்விடத்துக்கு வரலாம் என்ற பயமும் வீண் பயமன்று. வெள்ளீயத்தைத் தடுத்ததனால்தானே இர்கரால் வந்தது? அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணம் 2011-ல் உல்லாசப் படகுகளின் செப்புப் பூச்சை 2018 முதல் நிறுத்துவதென்று சட்டம் செய்தது. நாள் நெருங்கியபோது, செம்புக்குப் பதிலாக வரும் மருந்துகள் அதைவிடக் கேடு செய்யக்கூடும் என்று மாகாணத்தாரின் ஆராய்ச்சியில் தெரியவந்தது, தடையை ஒத்திப்போட்டார்கள். பின்னர் அங்கேயும் தடை வந்தது முதலில் சைபுட்ரைனுக்கே. மாற்று மருந்தைப் பரீட்சிக்காமல் பழைய மருந்தைத் தடுப்பதில் உள்ள சங்கடம் இது. இதிலிருந்து, தடையே கூடாது என்ற முடிவுக்கு வருவது தவறு. மாற்றாக வருவது எதுவோ அது பழையதன் கண்டிப்போடு அல்ல, அதைவிட அதிகக் கண்டிப்போடு பரீட்சிக்கப்பட வேண்டும் என்ற முடிவுக்கே வரவேண்டும்.

நிரூபிக்கும் பாரம் யாருடையது என்பதே இந்த விவகாரத்தின் உயிர்நிலை. இர்கரால் விஷயத்தில் விற்றவன் விற்றுக்கொண்டிருந்தான். கெடுதல் உண்டென்று நிரூபிக்கும் வேலை கடலுக்கும், சம்பளம் போதாத ஆராய்ச்சியாளருக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டன் 2000-ம் வருஷத்தையொட்டி இர்கராலையும் டையூரானையும் சிறு படகுகளிலிருந்து விலக்கியபின், அங்கே துறைமுக நீரில் இர்கராலின் அளவு கணிசமாகக் குறைந்ததென்று பிற்பாடு அளந்து கண்டார்கள். ஒரு தேசத்தின் தடையே அவ்வளவு பயன் தந்தது. ஐரோப்பியக் கூட்டம் முழுவதும் அம்மருந்துக்கு அனுமதி மறுத்தது 2016-ல். உலகம் முழுவதும் 2023-ல். பயன் கண்ணெதிரே தெரிந்த பிறகும் அடுத்த வீடு வரையில் செய்தி போய்ச் சேர இத்தனை வருஷங்கள்!

பொருளுக்கு அனுமதி கேட்பவன் மூன்று விஷயங்களைக் காட்டவேண்டும் என்று நாம் கருதுகிறோம். மருந்து எந்த உறுப்பைத் தாக்குகிறதோ அந்த உறுப்புள்ள உயிர்களில் அது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பாசிமருந்தானால் கடற்புல்லிலும் பவளத்திலும். நாலு நாள் சாவோடு நிறுத்தாமல், வளர்ச்சி, இனவிருத்தி, கூட்டத்தின் அமைப்பு ஆகியவற்றை வாரக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். தனியாக அல்ல, செம்போடு கலந்து, பூச்சாக எப்படிக் கசிகிறதோ அப்படியே பார்த்திருக்க வேண்டும். அந்தக் கணக்குகளைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். வியாபார ரகசியம் என்று பூச்சின் சேர்மானத்தை வேண்டுமானால் மூடி வைக்கட்டும். அதனால் எது சாகிறதென்பது யாருடைய ரகசியமும் அன்று.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் தூத்துக்குடியை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே மன்னார் வளைகுடாவின் தீவுகள் தொடங்குகின்றன. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பார்களும் 1986-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. வடக்கே பாக் வளைகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஆவுளியாவுக்கென்று ஒதுக்கினார்கள். ஆவுளியா கடற்புல்லைத் தவிர வேறொன்றையும் பெரிதாக நம்பி வாழாத பிராணி. உலகக் கப்பல்கள் எந்தப் பூச்சைப் பூசிக்கொள்கின்றனவோ அது தூத்துக்குடி நீரிலும் கசியும். மேலே சொன்ன பரீட்சைகள் நடந்த இடங்களை நேயர்கள் மறுபடி பார்க்கட்டும்: பிளிமத், ஸ்வீடன், பெர்முடா. உலகத்துச் சோதனைகளில் பெரும்பங்கு குளிர்ந்த கடல் உயிர்களைக் கொண்டு செய்யப்பட்டவை. வெப்பக் கடலின் பவளம் கோடையிலே ஏற்கெனவே சூட்டினால் தளர்ந்து நிற்கிறது. அந்தச் சமயத்தில் அடுப்பையும் அடைத்தால் அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஸ்வீடனின் எண் விடை சொல்லாது. நமது கடலில், நமது உயிர்களைக் கொண்டு, நமது வெப்பத்தில் பரீட்சித்த எண்ணே நமக்கு எல்லையாக வேண்டும். அதைச் செய்யத்தக்க கடல் ஆராய்ச்சி நிலையங்களும், படித்த வாலிபர்களும் நம் கரையிலேயே இருக்கிறார்கள்.

இந்தியப் பாராளுமன்றம் 2014-ல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தி, தீங்கான பூச்சுக்களைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கு இடம் செய்தது. நல்ல காரியம். ஆனால் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் இதுவரை ஏறியவை இரண்டே: வெள்ளீயம், சைபுட்ரைன். டையூரான் அதில் இல்லை. சைபுட்ரைன் விஷயத்திலும் 2023 ஜனவரிக்கு முன் பூசியதை உடனே சுரண்டிவிட வேண்டுமென்று விதியில்லை. கடைசியாகப் பூசிய நாளிலிருந்து அறுபது மாதங்களுக்குள் அகற்றினாலோ, மேலே வேறு பூச்சால் மூடினாலோ போதும். 2022-ம் வருஷம் டிசம்பரில் பூசிக்கொண்ட கப்பலுக்கு 2027 டிசம்பர் வரையில் அவகாசம் உண்டு. சர்வதேசப் பிரயாணம் செய்யாமல் ஒரே தேசத்தின் கரையோரமாக ஓடும் கப்பல்களுக்கு அகற்றவேண்டிய கட்டாயமே அந்த விதியில் இல்லை. அவற்றை அந்தந்த தேசத்தின் சட்டத்துக்கே விட்டிருக்கிறார்கள். நமது கரையோரக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் எந்தப் பூச்சோடு தூத்துக்குடியில் நிற்கின்றன என்று சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். துறைமுக அதிகாரிகள் நீரை அளந்து, அந்த எண்ணை வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும்.